எல்டாப் சர்வரில் பயனர் கணக்குகளை நிர்வகிக்க எந்தக் கருவி நல்லது?

கேள்வி இதுதான். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெபியன் லினக்ஸ் மேல் ஓப்பன்எல்டாப் சர்வர் (பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்துத் தரும் டைரக்டரி) ஓடுகிறது. லினக்ஸ் கணினிகள், வைஃபை, மூடுல் என்ற இணையப் பாடத் தளம் மூன்றுமே அதைப் பார்த்துத்தான் லாகின் கொடுக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் சில நூறு மாணவர்கள் புதிதாக வருகிறார்கள், அதே அளவு பேர் படிப்பை முடித்துப் போகிறார்கள். இதுவரை எல்டிஃப் கோப்பை (டைரக்டரிப் பதிவுகளை வரிவரியாக எழுதும் கோப்பு) கையால் எழுதி ஏற்றி வந்திருக்கிறீர்கள். இனிமேல் ஆய்வக உதவியாளரே இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்படி, செலவில்லாத ஒரு கருவி வேண்டும். இணையத்தில் தேடினால் இருபது பெயர்கள் வருகின்றன, எதை எடுப்பது என்று தெரியவில்லை.

முதலில் நேரடியான பதில். எல்டாப் அக்கவுண்ட் மேனேஜர் என்ற கருவியை நிறுவுங்கள். சுருக்கமாக லாம் என்பார்கள். கட்டளை வரியில் செய்ய எல்டாப்ஸ்கிரிப்ட்ஸ் தொகுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாச்சி டைரக்டரி ஸ்டூடியோவை உங்கள் கணினியில் மட்டும் வையுங்கள், உதவியாளர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் நிலைமைக்கு இது போதும். ஆனால் ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரியாமல் நிறுவினால் ஆறு மாதத்தில் வேறு கருவியைத் தேடிக்கொண்டு இருப்பீர்கள். அதனால் காரணத்தையும் விளக்கிவிடுகிறேன்.

தேடலில் வரும் அத்தனை பெயர்களும் உண்மையில் இரண்டு வகைதான். ஒன்று, டைரக்டரியில் இருக்கும் பதிவுகளைத் திறந்து பார்த்துத் திருத்தும் கருவி. மற்றது, கணக்கு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு அதை நடத்தும் கருவி. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு "சிறந்த எல்டாப் கருவிகள்" என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எல்டாப் நெறிமுறைக்குக் கணக்கு என்ற ஒன்றே தெரியாது. 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், எக்ஸ்.500 என்ற கனமான டைரக்டரி அமைப்பை எளிய கணினிகளிலிருந்தும் அணுகுவதற்காக உருவான நெறிமுறை அது. மரம் போல அடுக்கிய பதிவுகள், ஒவ்வொரு பதிவிலும் சில பண்புகள், அவ்வளவுதான். யூனிக்ஸ் பயனரை அதில் எப்படி எழுதி வைப்பது என்று 1998இல் ஆர்எஃப்சி 2307 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒரு வழி சொன்னது. போசிக்ஸ்அக்கவுண்ட், போசிக்ஸ்குரூப் போன்ற வகைகள் அதிலிருந்து வந்தவை. ஆக, உங்கள் சர்வரில் ஒரு மாணவரின் கணக்கு என்பது யுஐடி (லாகின் பெயர்), யுஐடி நம்பர் (பயனருக்கான எண்), ஜிஐடி நம்பர் (குழுவுக்கான எண்), ஹோம் டைரக்டரி, லாகின் ஷெல், பாஸ்வேர்ட் என்று சில வரிகள் மட்டுமே. ஒரே யுஐடி நம்பரை இரண்டு மாணவர்களுக்குப் போட்டாலும் ஓப்பன்எல்டாப் வாய் திறக்காது. யுனிக் என்ற ஓவர்லேயை (சர்வரில் விருப்பப்பட்டால் சேர்க்கும் கூடுதல் பகுதி) நீங்களாகப் போட்டிருந்தால்தான் தடுக்கும். ஹோம் டைரக்டரி என்று ஒரு பாதையை எழுதினால் அந்த எழுத்துகள் மட்டும்தான் சேமிக்கப்படும், டிஸ்க்கில் எதுவும் உருவாகாது. பயனரை நீக்கினாலும் குழுவின் உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயர் அப்படியே கிடக்கும்.

இதில் யுஐடி நம்பரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய சிக்கல்கள் இங்கேதான் பிறக்கின்றன. லினக்ஸில் ஒரு கோப்பின் உரிமையாளர் பெயராகப் பதிவாவதில்லை, எண்ணாகப் பதிவாகிறது. 20417 என்ற எண்ணில் இருந்த மாணவி படிப்பை முடித்துப் போகிறார், கணக்கை நீக்குகிறீர்கள். ஆனால் அவருடைய கோப்புகள் என்எஃப்எஸ் சர்வரில் (வலை வழியாகக் கோப்புகளைப் பகிரும் சர்வர்) இருக்கின்றன, பேக்கப்பில் இருக்கின்றன, ஏதோ ஒரு பொது அடைவிலும் இருக்கின்றன. அடுத்த மாதம் வரும் ஒருவருக்கு அதே 20417 கிடைத்தால் அத்தனை கோப்புகளும் அவருடையவை ஆகிவிடும். "இருப்பதிலேயே பெரிய எண்ணை எடு, ஒன்றைக் கூட்டு" என்று எழுதிய ஸ்கிரிப்டில் இது சுலபமாக நடக்கும். கடைசியாகச் சேர்த்தவரை நீக்கினாலே போதும். அதனால் ஒரு கருவியைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, இது எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்பதைத்தான். எஸ்எம்பிஎல்டாப் டூல்ஸ் என்ற பழைய பெர்ல் தொகுப்பு இந்த விஷயத்தில் நன்றாகவே நடந்துகொள்ளும்: அடுத்த எண்ணை டைரக்டரியிலேயே ஒரு தனிப் பதிவில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதை ஏற்றிக்கொண்டே போகும், பின்னால் வராது. லாமிலும் அந்த முறை உண்டு. குறிப்பிட்ட எண் வரம்புக்குள் தேடும் முறையும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் முதலாவதை எடுங்கள்.

சரி, பதிவு திருத்தும் கருவிகளுக்கு வருவோம். அப்பாச்சி டைரக்டரி ஸ்டூடியோதான் இந்த வகையில் என் முதல் தேர்வு. எக்லிப்ஸ் மேல் கட்டியது, ஜாவா வேண்டும், திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் ஸ்கீமாவை, அதாவது எந்தப் பதிவில் எந்தப் பண்புகள் வரலாம் என்ற விதிகளைப் பார்ப்பது, வடிகட்டித் தேடுவது, நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எல்டிஃப் வடிவில் கீழே காட்டுவது என்று ஒரு நிர்வாகிக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. ஜேஎக்ஸ்புளோரர் அதைவிட இலகுவானது. விண்டோஸில் எல்டாப் அட்மின் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது, அதுவும் நல்லது. பிஎச்பிஎல்டாப்அட்மின் உலாவியில் ஓடுவது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதி இதைத்தான் நிறுவச் சொல்லும். டெம்ப்ளேட் வைத்துக் கணக்கு உருவாக்கும் வசதி அதில் உண்டு என்றாலும் அடிப்படையில் அது பதிவுகளைத் திருத்தும் கருவிதான். கட்டளை வரியை விரும்புகிறவர்கள் எல்டாப்விஐ பாருங்கள்: தேடல் முடிவை விஐ எடிட்டரில் திறந்து கொடுக்கும், திருத்திச் சேமித்தால் மாற்றங்களை மட்டும் சர்வருக்கு அனுப்பும். நூறு பேருடைய ஒரே ஒரு பண்பை மாற்ற இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

இவை எல்லாம் நல்ல கருவிகள். ஆனால் இவற்றை ஆய்வக உதவியாளரிடம் கொடுப்பது நியாயமில்லை. ஒரு மரத்தையும் நாற்பது பண்புகளையும் காட்டிவிட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு கிளையை மொத்தமாக அழிக்கும் பொத்தானும் அதே மெனுவில்தான் இருக்கும்.

லாம் வேறு மாதிரி. அதைத் திறந்தால் மரம் கண்ணில் படாது, பயனர்கள், குழுக்கள் என்ற பட்டியல்தான் வரும். வேண்டுமென்றால் மரத்தையும் பார்க்கலாம், ஆனால் அது தனிப் பக்கம். புதுப் பயனர் என்று அழுத்தினால் பெயர், லாகின், முதன்மைக் குழு, ஷெல், பாஸ்வேர்ட் என்று ஒரு படிவம் வரும். முதலாம் ஆண்டு மாணவர், ஆசிரியர், விருந்தினர் என்று புரொஃபைல் செய்து வைத்துவிட்டால் பாதிப் படிவம் தானே நிரம்பிவிடும். உங்களுக்கு மிக முக்கியமானது அதன் கோப்பு ஏற்றும் வசதி. மாதிரி சிஎஸ்வி கோப்பை அதுவே கொடுக்கும். சேர்க்கைப் பிரிவிலிருந்து வந்த எக்செல் பட்டியலை அந்தக் கட்டங்களுக்கு ஏற்ப மாற்றி ஏற்றினால் நூற்றுக்கணக்கான கணக்குகள் ஒரே மூச்சில் உருவாகிவிடும். ஒவ்வொரு கணக்குக்கும் பிடிஎஃப் தாளும் எடுக்கலாம், அதை அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்கலாம். பயனரை நீக்கும்போது குழுக்களிலிருந்தும் பெயரை எடுத்துவிடும். ஹோம் டைரக்டரியை உருவாக்க, கோப்பு சர்வரில் லாம்டீமன் என்ற ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்தால் எஸ்எஸ்எச் வழியாக அதை இயக்கி உருவாக்கிக் கொடுக்கும். முதல் லாகினில் பிஏஎம் (லினக்ஸின் லாகின் சோதனை அமைப்பு) மாட்யூல் வழியாக ஹோமை உருவாக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் ஹோம் என்எஃப்எஸ் மேல் இருந்தால் அங்கே ரூட் அனுமதி மறுக்கப்பட்டு அந்த முறை பல இடங்களில் தடுமாறும்.

லாமுக்குக் காசு கொடுத்து வாங்கும் புரோ பதிப்பும் உண்டு. மாணவர்களே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும் பக்கம் அதில்தான் வருகிறது. அதற்காக வாங்க வேண்டியதில்லை. எல்டிபி புராஜெக்ட் வெளியிடும் செல்ஃப் சர்வீஸ் பாஸ்வேர்ட் என்ற இலவசப் பக்கம் அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறது, நன்றாகவே செய்கிறது.

எல்டாப்ஸ்கிரிப்ட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூனிக்ஸில் பயனர் சேர்க்கும் கட்டளைகள் எப்படியோ அப்படியே எல்டாப் பக்கமும் செய்ய உதவும் சிறு ஷெல் ஸ்கிரிப்டுகள். பயனரைச் சேர், நீக்கு, குழுவில் போடு, பாஸ்வேர்ட் வை. நடு இரவில் எஸ்எஸ்எச் மட்டும் கையில் இருக்கும்போது இது உதவும்.

கோசா, அதிலிருந்து 2011இல் பிரிந்த ஃபியூஷன்டைரக்டரி இரண்டும் பெரிய அமைப்புகளுக்கானவை. மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாறியபோது கோசாவைத்தான் எடுத்துக்கொண்டது. தங்களுக்கென்று தனி ஸ்கீமாவையும் தனிப் பண்புகளையும் ஏற்கெனவே இருக்கும் டைரக்டரியில் சேர்த்துவிடும். உங்கள் அளவுக்கு அது தேவையில்லை.

இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் சர்வரே அமைக்கவில்லை, இப்போதுதான் தொடங்கப்போகிறேன் என்றால், அவர்களுக்கு என் பதில் வேறு. ஃப்ரீஐபிஏ எடுங்கள். 389 டைரக்டரி சர்வர், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், சான்றிதழ் வழங்கும் டாக்டேக், டிஎன்எஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே வலைப்பக்கத்திலும் ஒரே கட்டளையிலும் நடத்தக் கொடுக்கிறது. யுஐடி எண் ஒதுக்குவது சர்வரின் பொறுப்பு. கணக்கை முடக்குவது ஒரே பொத்தான். நீக்கும்போது "பாதுகாத்து வை" என்று சொன்னால் ஆள் பட்டியலிலிருந்து போய்விடுவார், ஆனால் அவருடைய எண்ணும் பெயரும் ஒதுக்கிலேயே இருக்கும்; மேலே சொன்ன 20417 பிரச்சினை எழவே எழாது. ரெட்ஹேட் தன் 8ஆம் பதிப்பில் ஓப்பன்எல்டாப் சர்வர் தொகுப்பையே எடுத்துவிட்டதால், அந்தக் குடும்பத்து லினக்ஸில் இருப்பவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. ஆனால் உங்களை அங்கே போகச் சொல்ல மாட்டேன். ஃப்ரீஐபிஏ பயனர்களை எல்லாம் ஒரே தட்டையான கிளையில் வைக்கும், நீங்கள் துறைவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் மரம் கலைந்துபோகும். பழைய பாஸ்வேர்ட் ஹேஷை (பாஸ்வேர்டை மாற்றிச் சேமித்த, திரும்பப் பெற முடியாத வடிவம்) அது எடுத்துக்கொள்ளும் என்றாலும், ஒவ்வொரு மாணவரும் ஒரு முறை பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்த பிறகுதான் கெர்பரோஸ் சாவி உருவாகும். நடந்துகொண்டிருக்கும் பருவத்தின் நடுவே அதைச் செய்வது பெரிய வேலை.

சர்வர் ஆக்டிவ் டைரக்டரியாகவோ சாம்பா 4 ஆகவோ இருந்தால் கதையே வேறு. அங்கே கணக்கு என்ன என்று சர்வருக்கே தெரியும். விண்டோஸ் கணினியில் ஆர்சாட் என்ற நிர்வாகக் கருவித் தொகுப்பைப் போட்டால் பயனர் நிர்வாகப் பக்கம் கிடைக்கும், மொத்தமாகச் சேர்க்க பவர்ஷெல்லில் சிஎஸ்வியைப் படித்துச் செய்துவிடலாம், சாம்பாவுக்கு அதன் சொந்தக் கட்டளையான சாம்பா டூல் இருக்கிறது. அதற்கு மேல் தேடவே தேவையில்லை.

கணக்கைத் தொடங்குவது எல்லாக் கருவிகளுக்கும் வரும். முடிப்பதில்தான் வித்தியாசம் தெரியும். ஒரு மாணவர் போய்விட்டார், கணக்கை உடனே நீக்காமல் மூன்று மாதம் முடக்கி வைக்க வேண்டும் என்று வையுங்கள். லாகின் ஷெல்லை பின் ஃபால்ஸ் (எதையும் செய்யாமல் உடனே முடிந்துவிடும் நிரல்) என்று மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது லினக்ஸ் ஷெல்லை மட்டும்தான் தடுக்கும். மூடுல் எல்டாப்பிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து பைண்ட் செய்து, அதாவது அந்தப் பயனராக உள்ளே நுழைந்து பார்க்கிறது. பைண்ட் சரியாக வந்தால் உள்ளே விட்டுவிடும், ஷெல் என்ன என்று அதற்கு என்ன கவலை? ஷேடோ எக்ஸ்பைர் என்ற கணக்கு காலாவதித் தேதியை வைத்தாலும் இதே கதைதான், மூடுல் அந்தப் பண்பைப் பார்ப்பதே இல்லை. மூடுலையும் சேர்த்து அடைக்க, பைண்டே தோற்க வேண்டும். லாமில் கணக்கைப் பூட்டினால் ஹேஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்துவிடும். அதன் பிறகு எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது. திறக்கும்போது குறியை எடுத்துவிட்டால் பழைய பாஸ்வேர்டே திரும்ப வேலை செய்யும். சர்வரில் பாஸ்வேர்ட் விதிகளுக்கான பிபாலிசி ஓவர்லே போட்டிருந்தால், கணக்கு பூட்டிய நேரம் என்ற பண்பில் 000001010000இசட் என்று வைப்பது நிரந்தரப் பூட்டு.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எஸ்எஸ்எச் சாவி வைத்து வருகிறவர்கள் பாஸ்வேர்டையே தொடுவதில்லை. பாஸ்வேர்டைப் பூட்டினாலும் அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். லினக்ஸ் கணினியை எல்டாப்போடு இணைக்கும் எஸ்எஸ்எஸ்டியின் அமைப்பில் அணுகல் விதியை எல்டாப் பக்கம் திருப்பி, காலாவதியையும் பூட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அது எந்தக் கணக்குக் கருவியிலும் வராது, ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் செய்ய வேண்டிய வேலை. பூட்டிய பிறகு ஒரு சோதனைக் கணக்கை வைத்து மூடுல், வைஃபை, கன்சோல், எஸ்எஸ்எச் என நான்கு வழியிலும் நுழைந்து பாருங்கள்.

வைஃபை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வைஃபை லாகினைச் சரிபார்க்கும் உங்கள் ரேடியஸ் சர்வர் பீப் எம்எஸ்சேப் என்ற முறையில் ஓடினால் சாதாரண எஸ்எஸ்எச்ஏ ஹேஷ் அதற்கு உதவாது. விண்டோஸ் முறையிலான என்டி ஹேஷ் தனியாக வேண்டும். அப்படியென்றால் பாஸ்வேர்ட் மாறும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். லாமில் சாம்பா 3 மாட்யூலைச் சேர்த்தால் இரண்டையும் எழுதும், ஆனால் மாணவர் வேறு இடத்தில் பாஸ்வேர்டை மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். எஸ்எம்பிகே5பிடபிள்யூடி என்ற ஓவர்லேயைச் சர்வரிலேயே போட்டால் எங்கிருந்து மாற்றினாலும் இரண்டும் சேர்ந்தே மாறும். அது வேலை செய்ய, கருவிகள் ஹேஷைத் தாங்களே செய்து எழுதாமல், பாஸ்வேர்ட் மாற்றத்துக்கென்று எல்டாப்பில் இருக்கும் தனிச் செயல்பாட்டை அழைக்க வேண்டும். லாமின் அமைப்பில் ஹேஷ் வகை என்ற இடத்தில் எல்டாப் எக்ஸ்ஆப் என்று தேர்ந்தெடுங்கள். இன்னொரு நன்மை, பாஸ்வேர்ட் எவ்வளவு வலுவானது என்று பிபாலிசியால் சோதிக்க முடியும். ஏற்கெனவே ஹேஷாகி வந்த பாஸ்வேர்டில் சோதிக்க எதுவும் இருக்காது.

நம் ஊர்ப் பெயர்களில் வரும் ஒரு சிக்கலையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இனெட்ஆர்க்பர்சன் வகையில் எஸ்என், அதாவது குடும்பப் பெயர், கட்டாயப் பண்பு. அது காலியாக இருந்தால் சர்வர் பதிவையே ஏற்காது. மு. கார்த்திகா என்ற மாணவிக்குக் குடும்பப் பெயர் எது? சிலர் தலைப்பெழுத்தைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரை, சிலர் பெயரையே இரண்டாவது முறையும் எழுதுகிறார்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே விதி இருக்கட்டும். மூடுலில் மாணவர் பெயர் எந்த வரிசையில் தெரியும் என்பது இதைப் பொறுத்தது. என் பரிந்துரை, எஸ்என்னில் தலைப்பெழுத்து, முழுப்பெயர் டிஸ்ப்ளே நேமில். டிஸ்ப்ளே நேமில் தமிழிலேயே எழுதலாம், எல்டாப் 3ஆம் பதிப்பு யுடிஎஃப் 8 தான். எல்டிஃபில் மட்டும் அந்த வரி பேஸ் 64 ஆக மாறி, முக்காற்புள்ளி இரட்டையாக வரும். பார்த்துப் பதற வேண்டாம். லாகின் பெயருக்குப் பெயரை வைக்காதீர்கள், பதிவெண்ணை வையுங்கள். ஒரே வகுப்பில் நான்கு கார்த்திக் இருப்பார்கள், பழைய கார்த்திக்கின் குழு உரிமைகள் புதியவருக்குப் போகும் அபாயமும் இல்லாமல் போகும்.

உரிமை விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. உதவியாளருக்கு ரூட் டிஎன் (டைரக்டரியின் தலைமை நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ரூட் டிஎன்னுக்கு எந்த அணுகல் விதியும் பொருந்தாது. அவருக்கென்று தனிப் பதிவு உருவாக்கி, மாணவர் கிளையிலும் குழுக்களிலும் மட்டும் எழுதும் உரிமை கொடுத்து, அந்தக் கணக்கில் லாமுக்குள் வரச் சொல்லுங்கள். ஆக்ஸஸ்லாக் ஓவர்லேயைப் போட்டால் யார் எப்போது எதை மாற்றினார் என்பது பதிவாகும். ஏதாவது குழப்பம் வரும்போது உதவியாளர் மேல் வீண்பழி விழாமல் இருக்கவும் அது வேண்டும். லாம் பக்கம் கல்லூரி வலைக்குள் மட்டும் தெரிந்தால் போதும், எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கவே கூடாது. லாமுக்கும் எல்டாப் சர்வருக்கும் இடையே டிஎல்எஸ் மறையாக்கம் இருக்கட்டும்.

தொடங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். ஸ்லாப்கேட் என்ற கட்டளையைக் கொடுத்து சர்வரின் அமைப்பையும் தரவையும் தனித்தனியே பேக்கப்பாக எடுங்கள். அதை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, அது உண்மையாகவே மீண்டு வருகிறதா என்று பாருங்கள். லாமை அந்த நகலில் இணைத்து, யுஐடி எண் தொடங்கும் இடத்தை இதுவரை கொடுத்த எண்களுக்கு எல்லாம் மேலே வையுங்கள். நீக்கிய கணக்குகளின் எண்களையும் பழைய எல்டிஃப் கோப்புகளில் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பெயர்களில் ஒரு சிஎஸ்வி செய்து ஏற்றி, நான்கைந்து பேரைப் பூட்டி, இரண்டு பேரை நீக்கி, பிறகு எல்டாப்சர்ச்சில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று உதவியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பாருங்கள். அவர் தனியாக ஒரு முறை முழுவதும் செய்து முடித்த பிறகு, லாமை நிஜ சர்வருக்குத் திருப்புங்கள்.